முட்செடியைத் தொட்டபின் வரைக



வரைதல், பொருள்கள், உடலசைவு ஆகியவற்றின் வழியாக உணர்ச்சியை வெளிப்படுத்துவது பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். விரிந்த தலைப்பு. இப்படிப்பட்ட தலைப்பில் பொதுப்படையாக நாலு நல்ல வார்த்தை சொல்லிப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்தச் சோம்பலுக்கு இடம் கொடுக்காமல், ஒரே ஓர் ஆசிரியையின் வகுப்பைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். அவர் பெயர் ஃப்ரீடில் டிக்கர். 1898இல் வியன்னாவில் பிறந்தார். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். இடைப்பட்ட 46 ஆண்டுகளில் அவர் கற்றதும் கற்பித்ததுமே இன்றைய பேச்சு.

அவரிடம் போவதற்கு முன் அவருடைய ஆசிரியரைச் சற்றுப் பார்த்துவிடுவோம். யோகன்னஸ் இட்டன், சுவிட்சர்லாந்துக்காரர். பள்ளி ஆசிரியராகப் பயிற்சி பெற்றுப் பிறகு ஓவியரானவர். 1916இல் வியன்னாவில் சொந்தமாக ஓவியப் பள்ளி தொடங்கினார். 1919இல் வைமார் நகரில் பௌஹவுஸ் கலைப்பள்ளி திறந்தபோது அங்கே ஆசிரியராகப் போனார். வியன்னா மாணவர்கள் பலர் அவர் பின்னாலேயே போனார்கள். ஃப்ரீடிலும் அவர்களில் ஒருவர்.

இட்டனுடைய வகுப்பில் பென்சிலை எடுக்க உடனே விடமாட்டார். முதலில் எழுந்து நிற்க வேண்டும். மூச்சை இழுத்து விட வேண்டும், தோளைத் தளர்த்த வேண்டும், கையைச் சுழற்ற வேண்டும். வட்டம் வரைவதென்றால் தோளிலிருந்து முழுக்கையையும் வீசி முதலில் காற்றில் வட்டம் போட வேண்டும், தாள் அப்புறம்தான். மஸ்தஸ்னான் என்ற ஒரு சமயக் குழுவில் அவருக்கு ஈடுபாடு இருந்தது. மொட்டைத்தலை, துறவியின் அங்கி போன்ற உடை, பூண்டு நிறைந்த சைவச் சாப்பாடு என்று அதையும் பள்ளிக்குள் கொண்டுவந்தார். அந்தக் கூத்தையெல்லாம் நான் பரிந்துரைக்கவில்லை. பௌஹவுஸிலேயே பலருக்கு அது பிடிக்கவில்லை. 1923இல் அவர் அங்கிருந்து வெளியேறினார். ஆனால் மூச்சிலும் தோளிலும் வகுப்பைத் தொடங்கிய அந்த முறை அவரோடு போய்விடவில்லை.

அவர் கொடுத்த ஒரு பயிற்சி முட்செடி. நம் ஊர்த் தரிசுகளில் முளைக்கும் பிரம்மதண்டை நினைத்துக்கொள்ளுங்கள். இலை ஓரமெல்லாம் முள். மாணவர்கள் அதை முதலில் தொட வேண்டும். எங்கே குத்துகிறது, எங்கே சட்டென்று வளைகிறது, அடுத்த முள்ளுக்குப் போக விரல் எப்படித் துள்ளுகிறது என்று கை அறிய வேண்டும். அந்தத் துள்ளல் உடம்பில் ஏறியபின் வரைய வேண்டும். அப்படி வரைந்த கோடு வெட்டிவெட்டிப் போகும். கண்ணால் மட்டும் பார்த்து வரைந்தவனின் முட்செடி தாவரவியல் புத்தகத்துப் படம்போல ஒழுங்காக இருக்கும். அதைப் பார்த்தால் யார் விரலும் பின்வாங்காது.

பொருள்களிலும் இதே முறைதான். மாணவர்கள் குப்பைமேட்டிலும் பட்டறை வாசலிலும் பொறுக்கிய மரச்சிராய், இறகு, கம்பளி, கண்ணாடித்துண்டு, துருக்கம்பி எல்லாவற்றையும் கண்ணை மூடித் தடவிப் பார்ப்பார்கள். பிறகு சொரசொரப்புக்குப் பக்கத்தில் வழவழப்பு, கனத்துக்குப் பக்கத்தில் மென்மை என்று எதிரெதிராகச் சேர்த்து ஏதாவது ஒன்றைக் கட்டுவார்கள். கட்டியதைக் கடைசியில் வரைவார்கள். அதே பள்ளியில் கெர்ட்ரூட் க்ரூனோ என்ற அம்மையார் ஒலி, நிறம், அசைவு மூன்றையும் இணைத்து ஒரு தனி வகுப்பே நடத்தினார். பௌஹவுஸ் என்றால் எஃகுக் குழாய் நாற்காலியும் கண்ணாடிச் சுவரும் மட்டுமே நினைவுக்கு வருகிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். இந்தியாவுக்கும் இதில் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் பௌஹவுஸ் ஓவியர்களின் கண்காட்சி நடந்தது. இட்டனின் படங்களும் அதில் இருந்தன. அதற்கு முன்னின்றவர் வியன்னாவில் படித்து இந்தியக் கலை வரலாற்றாசிரியரான ஸ்டெல்லா க்ராம்ரிஷ்.

இனி, நான் சொல்ல வந்த விஷயத்தின் மையத்தில் இருக்கும் ஒரு வகுப்பு. பௌஹவுஸ் ஆசிரியர்களில் ஒருவரான ஓஸ்கர் ஷ்லெம்மர் 1921இல் எழுதிய ஒரு கடிதத்தில் இதைக் கொஞ்சம் கிண்டலோடு விவரிக்கிறார். இட்டன் பழைய ஓவியங்களின் படங்களைக் காட்டி வரையச் சொல்கிறார். ஓவியர் க்ரூனவால்டின் சிலுவைக் காட்சி வருகிறது. இன்று கோல்மார் நகரில் இருக்கும் இசன்ஹைம் பீடத்தின் ஓவியம் அது. சிலுவையடியில் மகதலேனா மரியாள் மண்டியிட்டு அழுகிறாள். அவள் கையை ஒருமுறை கவனித்தால் மறக்க முடியாது. விரல்கள் ஒன்றோடொன்று பின்னி, பின்னிய வேகத்தில் பின்பக்கமாக வளைந்து நிற்கின்றன. மாணவர்கள் அதன் அமைப்பைப் பிடிக்கப் பாடுபடுகிறார்கள். இட்டன் அவர்களின் தாள்களைப் பார்க்கிறார், கோபம் பொங்குகிறது. உங்களுக்குக் கலையுணர்வு என்று ஒன்று இருந்தால் இந்த அழுகைக்கு முன்னால் உட்கார்ந்து கோடு கிழித்துக்கொண்டிருப்பீர்களா, கண்ணீராய்க் கரைந்து போயிருக்க மாட்டீர்களா என்ற பொருளில் முழங்கிவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விடுகிறார்.

நல்ல நாடகம். இதைக் கலைக்கல்லூரிகளில் இட்டனின் பெருமையாகச் சொல்வார்கள். அதில் பாதிதான் சரி என்று நினைக்கிறேன். உணராமல் வரைந்த கோடு செத்த கோடு என்பது சரி. ஆனால் உணர்ந்தவன் வரைவதை நிறுத்திவிட்டு அழவேண்டும் என்றால், க்ரூனவால்ட் என்ன செய்தார்? அவரும் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தால் அந்தப் படம் ஏது? ஒவ்வொரு விரலையும் எவ்வளவு வளைத்தால் அது வலியாகத் தெரியும், அதற்குமேல் வளைத்தால் வெறும் கோணலாகிவிடும் என்று அவர் அளந்திருக்கிறார். துக்கம் பெருகும்போதே அளக்கவும் தெரிந்த கை அது. அழுகை ஒன்று, அழுகைக்கு உருவம் கொடுப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது பாதியை இட்டன் அன்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருடைய மாணவி ஒருத்தி, மிகக் கொடிய இடத்தில், குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

ஃப்ரீடிலுக்கு நான்கு வயதில் தாய் இறந்துவிட்டார். தந்தை காகிதம், எழுதுபொருள் விற்கும் கடையில் வேலை பார்த்தவர். ஆகவே பிள்ளைக்குத் தாளுக்கும் பென்சிலுக்கும் பஞ்சமில்லை. புகைப்படம் படித்தார், பிறகு நெசவு படித்தார். குழந்தைகளின் ஓவியத்தை ஓவியமாகவே மதிக்கவேண்டும் என்று ஐரோப்பாவில் முதலில் வாதாடியவர்களில் ஒருவரான ஃப்ரான்ஸ் சிசெக்கிடம் சில காலம் பயின்றார். பிறகு இட்டன், பிறகு பௌஹவுஸ். இட்டன் பழைய ஓவியங்களை அலசி எழுதிய நீண்ட கட்டுரை 1921இல் 'உட்டோபியா' என்ற தொகுப்பில் வந்தபோது, வரிகளே துள்ளிக் குதிப்பதுபோன்ற அதன் எழுத்தமைப்பில் ஃப்ரீடிலுக்கு முக்கியப் பங்கு இருந்தது. வியன்னா திரும்பி ஃப்ரான்ஸ் ஸிங்கர் என்ற நண்பரோடு வடிவமைப்புக்கூடம் நடத்தினார். மடக்கலாம், அடுக்கலாம் என்ற வகை மேசை நாற்காலிகள் அவர்களின் தனிச்சிறப்பு. கோத்தேஹோஃப் என்ற தொழிலாளர் குடியிருப்பில் ஒரு மொண்டிசோரி மழலையர் பள்ளிக்கு உள்ளமைப்பு செய்தபோது, குழந்தைகளே தூக்கி இடம் மாற்றும்படி சாமான்களை வடிவமைத்தார்கள்.

1934இல் ஆஸ்திரியாவில் இடதுசாரிகள் வேட்டையாடப்பட்டபோது ஃப்ரீடில் கைதானார். விடுதலையாகி பிராக் போனார். விசாரணை அறை நினைவை ஓவியமாகத் தீட்டினார். அங்கே ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பிவந்த அகதிகளின் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார். கூடவே உதவிக்கு ஓர் இளம்பெண், எடித் க்ராமர். அவரிடம் பின்னால் வருகிறேன். 1936இல் ஃப்ரீடில் தன் உறவினர் பாவெல் ப்ராண்டைஸை மணந்தார். பாலஸ்தீனம் போக ஃப்ரீடிலுக்கு விசா கிடைத்தது, கணவருக்குக் கிடைக்கவில்லை. ஃப்ரீடிலும் போகவில்லை.

1942 டிசம்பரில் நாஜிகள் யூதர்களான இருவரையும் டெரெசின் முகாமுக்கு அனுப்பினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை நகரம் அது. போருக்கு முன் 7,000 பேர்போல வாழ்ந்த இடத்தில் 1942 செப்டம்பரில் 58,000 பேரை அடைத்திருந்தார்கள். அந்த முகாம் வழியாக ஏறத்தாழ 1,40,000 யூதர்கள் போனார்கள். சுமார் 33,000 பேர் அங்கேயே பசியாலும் நோயாலும் இறந்தார்கள். ஏறத்தாழ 88,000 பேரைக் கிழக்கே கொலைமுகாம்களுக்கு அனுப்பினார்கள். முகாமுக்கு வரும்போது ஆளுக்கு 50 கிலோ சாமான் கொண்டுவரலாம். டிசம்பர் மாதம், போகிற இடம் தெரியாது. கம்பளியும் உணவும்தான் யாருக்கும் தோன்றும். ஃப்ரீடில் தன் மூட்டையில் தாளும் வண்ணமும் அடைத்தார். படுக்கை விரிப்புகளுக்குச் சாயம் தோய்த்து எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் நாடகம் போட்டால் பச்சை விரிப்பு காடாகுமே என்பது கணக்கு.

முகாமில் முறையான பள்ளிப்பாடம் நடத்தத் தடை இருந்தது. பாட்டும் படம் வரைவதும் கண்டுகொள்ளப்படவில்லை. யாருக்கும் அவை கல்வியாகத் தெரியவில்லைபோலும். (அந்த எண்ணம் நாஜிகளுக்கு மட்டும் உரியதன்று. அதற்குப் பின்னால் வருவேன்.) எல் 410 என்று எண்ணிட்ட சிறுமியர் விடுதியில் ஃப்ரீடில் வகுப்பு எடுத்தார். மூன்றடுக்குப் பலகைக் கட்டில்கள். ஒரே அறையில் முப்பது சிறுமிகள்வரை. கட்டில் ஓரத்திலும் ஒரு மேசையைச் சுற்றியும் உட்கார்ந்து வரைந்தார்கள். தாள் என்பது பழைய அலுவலகப் படிவங்களின் பின்பக்கம், பொட்டலம் கட்டிய தாள், கைக்குக் கிடைத்த எதுவும். அதைக் கிழித்து ஒட்டி ஒட்டுப்படங்கள் செய்தார்கள். அச்சடித்த படிவத்தின் எழுத்தும் கட்டமும் இன்றும் அந்தப் படங்களில் தெரிகின்றன. கணக்கெழுத அச்சிட்ட தாள் ஒரு சிறுமியின் கையில் குன்றாகவும் கூரையாகவும் ஆகியிருக்கிறது.

வகுப்பு எப்படித் தொடங்கும்? தாளத்தோடு. ஃப்ரீடில் மேசையில் தட்டுவார், பிள்ளைகள் அதற்கேற்பக் கோடு போடுவார்கள். வேகமாகத் தட்டினால் கோடு குறுகித் துடிக்கும். நிதானித்தால் நீண்டு வளையும். சுருள், அலை, சுழி. இது இட்டனின் பாடம்தான், கையை எழுப்பிவிட்டுப் பிறகு மனத்துக்குப் போவது. பிறகு ஏதாவது ஒரு பொருளையோ காட்சியையோ சொல்வார், உடனே வரையவேண்டும். சில நாள் ஒரு பழைய ஓவியத்தின் நகலைக் காட்டி, அதில் எது கனம், எது லேசு, ஒளி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துத் தங்கள் வழியில் மறுபடி செய்யச் சொல்வார். அதைக் கண்டுதான் நான் மிகவும் வியக்கிறேன். பசியும் பேன்கடியும் டைபாய்டும் சூழ்ந்த இடத்தில் பத்து வயதுப் பிள்ளையிடம் ஓர் ஓவியத்தின் அமைப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார். 'உன் துக்கத்தை வரை' என்று அவர் கேட்டதாக எங்கும் இல்லை.

அந்தப் படங்கள் அச்சில் வந்திருக்கின்றன, புரட்டிப் பாருங்கள். நாம் எதிர்பார்ப்பதுபோல் எல்லாம் முள்வேலியும் சவப்பெட்டியும் இல்லை. சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பதும் அடுக்குக் கட்டிலும் காவலாளும் உண்டு. ஆனால் பெரும்பாலும் வீடு, பூ, புல்வெளி, ஜன்னல், விருந்து மேசை, தேவதைக் கதை. சிலர் இதைப் பார்த்து, பாவம், பிள்ளைகள் கனவுக்குள் தப்பி ஓடினார்கள் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு ஜாடியை அதன் நிழலோடு மேசைமேல் சரியாக நிற்கவைத்த பிள்ளை அந்த நேரம் முழுக்கத் தன் கண்ணுக்கும் கைக்கும் எஜமானியாக இருந்திருக்கிறாள். எண் கொடுத்து வரிசையில் நிறுத்தப்பட்டவள், நிழல் இந்தப் பக்கம் விழட்டும் என்று தானே முடிவு செய்திருக்கிறாள். படத்தின் ஓரத்தில் பெயரும் அறை எண்ணும் எழுதும்படி ஃப்ரீடில் சொல்வார். அதனால்தான் இன்று பெரும்பாலான படங்கள் யாருடையவை என்று சொல்ல முடிகிறது.

1943இல் முகாமுக்குள்ளேயே பெரியவர்கள் முன் குழந்தை ஓவியம் பற்றி அவர் ஓர் உரை நிகழ்த்தினார், அது கிடைத்திருக்கிறது. பிள்ளைகளை ஓவியர்களாக்குவது தன் நோக்கமில்லை, அவர்களுக்குள் இருக்கும் படைக்கும் ஆற்றலுக்கு வழிவிட்டுக் கற்பனையையும் கூர்ந்து நோக்கும் பழக்கத்தையும் சுயமாக மதிப்பிடும் திறனையும் வளர்ப்பதே வேலை என்பது அதன் சாரம். பெரியவர்கள் தங்கள் வழியைப் பிள்ளைக்கு அவசரமாகக் காட்டுவதால் வரும் கேட்டையும் எடுத்துச் சொல்கிறார். உயிர் பிழைத்த மாணவிகள் பலர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததும் இதற்கு ஒத்துப்போகிறது. அந்த ஒரு மணி நேரம் அச்சம் விலகியிருந்தது, அது சாதாரண ஓவிய வகுப்பில்லை என்றார்கள்.

1944 செப்டம்பர் இறுதியில் பாவெலை ரயிலேற்றினார்கள். ஃப்ரீடில் அடுத்த ரயிலுக்குத் தானே பெயர் கொடுத்தார். அக்டோபர் 6ஆம் தேதி ஏறினார். 9ஆம் தேதி ஆஷ்விட்ஸ்-பிர்க்கெனாவில் கொல்லப்பட்டார். பாவெல் உயிர் பிழைத்தார். சுமார் 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் முகாமில் மறைந்திருந்தன. போர் முடிந்ததும் சிறுமியர் விடுதியின் பொறுப்பாளராயிருந்த வில்லி க்ரோக் அவற்றை பிராக் கொண்டுவந்து யூதச் சமூகத்தாரிடம் ஒப்படைத்தார். இப்போது அவை பிராக் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

எடித் க்ராமருக்கு வருகிறேன். அவர் 1938இல் நியூயார்க்குக்குத் தப்பிப் போனார். 1950 முதல் சில ஆண்டுகள் வில்ட்விக் என்ற பள்ளியில், குற்றம் புரிந்து அனுப்பப்பட்ட சிறுவர்களோடு ஓவியம் வழியாக வேலை செய்தார். 1958இல் அதைப் புத்தகமாக்கினார். கலைவழிச் சிகிச்சை என்று இன்று சொல்லும் துறையை அமெரிக்காவில் உருவாக்கியவர்களில் இருவர் முக்கியம். மார்கரெட் நாம்பர்க் ஒருவர். அவருக்குப் படம் என்பது அடிமனம் பேசும் மொழி, வரைந்தவரே அதற்குப் பொருள் சொல்லவேண்டும். மற்றவர் க்ராமர்; அவருக்குப் படத்தை உருவாக்கும் வேலையே மருந்து. நான் க்ராமர் பக்கம்.

காரணம் சொல்கிறேன். ஒரு பிள்ளை கையில் வண்ணத்தைக் கொடுத்தால் என்னவெல்லாம் நடக்கும் என்று க்ராமர் பிரித்துப் பார்த்தார். சும்மா இழைந்து விளையாடுவது உண்டு: கிறுக்குவது, வண்ணத்தைப் பூசிப் பார்ப்பது, களிமண்ணைப் பிசைவது. கொந்தளிப்பாகக் கொட்டித் தீர்ப்பது உண்டு: தெறிப்பது, குத்துவது, தாளைக் கிழிப்பது. கற்ற வாய்பாட்டை ஒப்பிப்பதும் உண்டு, இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு தென்னை. நம் பள்ளிகளில் இதற்குத்தான் முதல் பரிசு. சொல்ல முடியாத செய்தியைச் சின்னமாகத் தெரிவிப்பது உண்டு. இவை எல்லாவற்றுக்கும் அப்பால், உணர்ச்சி நிறைந்தும் வடிவம் கூடியும் வருவது ஒன்று உண்டு. அதைத்தான் அவர் கலை என்றார். முதல் நான்கும் தப்பில்லை, தேவையும் படும். ஆனால் கொட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் பிள்ளை களைத்துப்போகிறதே தவிரத் தேறுவதில்லை. சில சமயம் கொட்டக் கொட்ட வெறி ஏறுவதும் உண்டு. கோபத்தைத் தலையணையில் குத்தித் தீர்த்துவிடு என்று இன்று ஆலோசனை சொல்கிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் க்ராமரைப் படிப்பது நல்லது.

கொட்டும் நிலையிலிருந்து உருவத்துக்கு எப்படிக் கொண்டுவருவது? இங்கேதான் பொருள்களின் அருமை. களிமண் பிள்ளையோடு மல்லுக்கட்டும். நீர் கூடினால் சரியும், குறைந்தால் வெடிக்கும். ஆத்திரத்தில் குத்தினால் வாங்கிக்கொள்ளும். ஆனால் ஒரு யானை நிற்கவேண்டுமென்றால் அதன் காலைத் தடிமனாக்கித்தான் ஆகவேண்டும். 'அடங்கு' என்று ஆசிரியர் சொன்னால் கேட்காத பையன், யானை விழுந்துவிடுமே என்ற கவலையில் தானாக அடங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கால் ஒட்டுகிறான். அந்த நேரத்தில் ஆசிரியர் செய்ய வேண்டியதற்கு க்ராமர் 'மூன்றாவது கை' என்று பெயர் வைத்தார். யானை சாயும்போது தாங்கிப் பிடிக்கும் கை. யானையைத் திருத்தாது, தன் பாணியைத் திணிக்காது, தாங்கிவிட்டு விலகிக்கொள்ளும்.

உடலசைவிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். நடனக்கலைஞர் மரியன் சேஸ் 1942 முதல் வாஷிங்டனில் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் வேலை செய்தார். பேச்சு நின்றுபோன நோயாளியின் முன் நின்று, அவர் உடம்பு எப்படி அசைகிறதோ அதையே தன் உடம்பில் வாங்கி அசைவார். ஒருவர் தோளைக் குலுக்கினால் அவரும் குலுக்குவார். அந்தக் குலுக்கலுக்கு மெல்ல ஒரு தாளம் வரும், தாளம் வந்ததும் இன்னொருவர் சேருவார், பிறகு வட்டம். ஆடச் சொல்லிக்கொடுத்தார் என்பதைவிட, ஏற்கெனவே அசைந்துகொண்டிருந்த உடம்புக்குத் துணையும் தாளமும் கொடுத்தார் என்பதே பொருந்தும்.

வட்டம், தாளம் என்றதும் இங்கே அமர்ந்திருக்கும் பலருக்கு மாரடிப்பு ஞாபகம் வந்திருக்கும். இழவு வீட்டில் பெண்கள் வட்டம் கட்டி, ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏந்தி, தாளம் தப்பாமல் மாரில் அடித்து ஒப்பாரி வைப்பார்கள். அழுகை அங்கே பீறிடுகிறது. அதே சமயம் அடி ஒத்து விழுகிறது, எதுகை அமைகிறது, உறவுமுறை வரிசை தப்புவதில்லை. க்ரூனவால்ட் விரலை அளந்ததுபோல் இவர்கள் துக்கத்தை அளக்கிறார்கள். நகரத்து நாகரிகம் இதைக் கூச்சலென்று ஒதுக்கிவிட்டது. கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலியில் கைபேசியோடு உட்கார்ந்திருக்கிறோம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் எட்டு உணர்ச்சிகளுக்கும் நான்கு நான்கு களங்கள் வகுக்கிறது. அழுகைக்குப் பிறர் இகழ்வதும் இழப்பதும் பழைய நிலையிலிருந்து தாழ்வதும் வறுமையும் காரணம். உணர்ச்சி உடம்பில் தோன்றும், அதற்கு வாழ்க்கையில் காரணம் இருக்கும் என்ற தெளிவு நமக்குப் பழையது. அதை வகுப்பறைக்குள் மட்டும் நாம் விடவில்லை.

தமிழ்க் குழந்தைகளுக்கு இதை விட்டுப் பார்த்த இடம் ஒன்று உண்டு. மட்டக்களப்பில் 1996இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து மண் பிசைந்து, படம் வரைந்து, கதை கட்டி, நாடகம் ஆடினார்கள். வெளியே இரு சமூகங்களுக்கும் இடையில் பயம் ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

இப்போது ஓர் எச்சரிக்கை. படத்தைப் பார்த்துப் பிள்ளையின் மனத்தைப் படித்துவிடும் வித்தை இப்போது பெருகிவருகிறது. கறுப்பு அதிகமென்றால் மனச்சோர்வு, கண் பெரிதென்றால் சந்தேகம், கை வரையாவிட்டால் குற்ற உணர்ச்சி. 1967இல் லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மனித உருவப் படங்களை எடுத்து, ஒவ்வொன்றோடும் ஏதோ ஒரு மனக்குறையைச் சம்பந்தமில்லாமல் இணைத்து, பயிற்சியில்லாத கல்லூரி மாணவர்களிடம் காட்டினார்கள். மாணவர்கள் தொடர்பைக் 'கண்டுபிடித்தார்கள்': பெரிய கண்ணுக்கும் சந்தேகப் புத்திக்கும் தொடர்பு இருக்கிறதாம்! கொடுத்த படங்களில் அப்படி ஒன்றுமே இல்லை. தொழில்முறை நிபுணர்கள் சொல்லிவந்ததும் அதே தொடர்புகள்தாம். நம் தலையில் இருந்ததைத் தாளில் பார்க்கிறோம். டெரெசின் பிள்ளை பென்சிலால் மட்டும் வரைந்திருந்தால், அன்று வண்ணம் தீர்ந்துபோயிருக்கும் என்றுதான் முதலில் நினைக்கவேண்டும்.

ஓவிய ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை. நம் மாநில அரசுப் பள்ளிகளில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமித்தார்கள். ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் எல்லாம் அந்த ஒரே பட்டியல். கையும் காலும் குரலும் படும் பாடங்களை ஒரே மூட்டையாகக் கட்டிப் பகுதிநேரத்தில் போட்டுவிட்டோம். பாடம் நடத்தத் தடைபோட்ட முகாமில் ஓவியம் தப்பியது அது கல்வியில்லை என்று எண்ணியதால். நம் கால அட்டவணையில் ஓவிய வகுப்பைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வதும் அதே எண்ணத்தால்தான். இதை மாற்றவேண்டியது அரசு. அந்த மாற்றம் வரும்வரை உங்கள் கையில் இருப்பது வாரத்துக்கு ஒரு பாடவேளை.

அதில் என்ன செய்வது என்று இங்கே வரும்போதே ஓர் ஆசிரியை கேட்டார். தலைப்பு கொடுக்காதீர்கள். 'என் சோகம்', 'என் கனவு இந்தியா' இரண்டும் வேண்டாம். எழுந்து நிற்கவையுங்கள், தோளைத் தளர்த்தட்டும். டெஸ்க்கில் தட்டுங்கள், பழைய செய்தித்தாளில் கரித்துண்டால் கோடு ஓடட்டும். பிறகு பள்ளி வளாகத்தில் பொறுக்கிவந்த ஏதாவது ஒன்று, வேப்பங்குச்சி, ஓட்டுச்சில்லு, காய்ந்த வாழைப்பட்டை, எதுவானாலும் கண்ணை மூடித் தடவிவிட்டு வரையட்டும். முடிந்ததும் பெயர் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் வேண்டாம்.

அவருடைய அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. ஒரு பிள்ளை பயமுறுத்தும் படம் வரைந்துவிட்டால்? தீ, தூக்குக்கயிறு, அடிக்கும் அப்பா. 'இது யார், உன் வீட்டிலா நடந்தது' என்று உடனே விசாரிக்காதீர்கள், வகுப்பு முன்னால் தூக்கிக் காட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். தாள் போதுமா, வண்ணம் வேண்டுமா என்று கேளுங்கள். பக்கத்தில் இருங்கள். பிள்ளை அதை முடிக்கட்டும். பல நேரம் முடித்ததும் அடுத்த படத்துக்குப் போய்விடும். அந்தப் படம் யாருக்கு எதிராகவும் சாட்சியாகாது, அதை வைத்து நீங்கள் தீர்ப்பு எழுதவும் வேண்டாம். ஆனால் பிள்ளை வாய்விட்டுச் சொன்னால் அது வேறு. அப்போது ஓவியத்தை மூடிவைத்துவிட்டு முழுக்கக் கேளுங்கள், நம்புங்கள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் மட்டும் செய்துகொடுக்காதீர்கள். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுக் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். தலைமையாசிரியர் தயங்கினாலும் அழையுங்கள்.